இரண்டு சார்புகளுக்கு நடுவே எவ்வளவு தூரம்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட முட்டுகிறது என்பதே சரி. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அது மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருக்கும் மண்ணையும் கரியையும் பக்கெட் வீல் இயந்திரங்கள் அள்ள அள்ள, அந்தத் தண்ணீரை அமுக்கி வைத்திருந்த பாரம் குறைகிறது. அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, பம்புகளை இரவு பகலாக ஓட்டி, அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வேலை ஒரு நாளும் நிற்பதில்லை.

அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. பம்பு ஓடும் கிணற்றருகே ஓர் அளவு, நூறு மீட்டர் தள்ளி வேறோர் அளவு. ஐப்பசி மழையில் ஒன்று, சித்திரை வெயிலில் ஒன்று. ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இங்கே எதுவும் செய்ய முடியாது. இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் அழுத்தம் எப்படி மாறுகிறது என்ற முழுச் சித்திரமும் வேண்டும். இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் அழுத்தத்தைத் திருப்பித் தரும் அந்தச் சித்திரத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் சார்பு என்று படித்தோம்.

கணினி கணக்கிட்டு ஒரு சார்பைத் தருகிறது. பூமிக்கடியில் உள்ளபடி இருப்பது இன்னொரு சார்பு. இரண்டும் எவ்வளவு நெருக்கம்? தரை பிளக்குமா என்று கவலைப்படுகிறவர், எல்லா இடங்களிலும் உள்ள வித்தியாசங்களைப் பார்த்து அவற்றில் மிகப் பெரியதைத்தான் தூரம் என்று எடுத்துக்கொள்வார். சராசரி வித்தியாசம் சொற்பம் என்று அவர் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே ஓர் இடத்தில் கணக்கு பெரிதாகப் பிசகினாலும் தரை அங்கேதான் பிளக்கும். மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டும், எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்று கணக்குப் போடுகிறவருக்கோ அங்கங்கே ஏறி இறங்கும் பிசகு பொருட்டில்லை. மொத்த வித்தியாசம் சிறிதாக இருந்தால் அவருக்குப் போதும். ஆக, அதே இரண்டு சார்புகள் ஒருவர் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மற்றவர் கணக்கில் எங்கோ தொலைவில் இருக்கின்றன.

சார்புகளுக்கு இடையிலான தூரம் முன்கூட்டியே எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. அதை மனிதர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருத்தமான தூரத்தைக் கண்டுகொள்வதே சில நேரங்களில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் நெய்வேலியிலிருந்து வெகுதொலைவில் பிறந்ததில்லை. வடலூரைத் தாண்டிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தால் அண்ணாமலைநகர். அங்கே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், வி. கணபதி ஐயர் என்ற கணித ஆசிரியர் 1948-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைதான் அது. இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. முழுச்சார்புகளின் வெளியைப் பற்றிய கட்டுரை வரிசையில் முதலாவது.

அந்த ஆண்டில் நெய்வேலி டவுன்ஷிப் கிடையாது. 1930-களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது கரிய பொருள் வெளிப்பட்டதும், 1940-களில் நிலவியலாளர்கள் துளையிட்டுப் பார்த்ததும் நடந்திருந்தன. நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் கார்ப்பரேஷன் உருவானது 1956-ல்தான். தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் துளை போட்டுக்கொண்டிருந்த அதே தென்னாற்காடு மாவட்டத்தில், இன்னொரு பக்கம் ஒருவர் காகிதமும் பேனாவுமாக முடிவில்லாத பரிமாணங்கள் கொண்ட ஒரு வெளியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முடிவில்லாத பரிமாணம் என்றதும் மிரளத் தேவையில்லை. ஒரு தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். அறைக்குள் ஒரு புள்ளிக்கு மூன்று வேண்டும். ஒரு சார்பை முழுமையாகக் குறிக்க எத்தனை எண்கள் வேண்டும்? பொதுவாக முடிவில்லாமல் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒரு சார்பை வளைகோடாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு பிரம்மாண்ட வெளியின் ஒற்றைப் புள்ளியாகப் பார்க்கத் துணிந்தவர்கள் ஐரோப்பியர்கள். 1906-ல் மோரிஸ் ஃப்ரெஷே பாரிஸில் கொடுத்த டாக்டர் பட்ட ஆய்வேடு, தூரம் என்ற கருத்தை மூன்றே விதிகளுக்குள் அடக்கியது. இரண்டு புள்ளிகளும் ஒன்றேயானால் மட்டும் தூரம் சுழியம். போகும் தூரமும் வரும் தூரமும் சமம். மூன்றாவது புள்ளி வழியாகச் சுற்றிப் போவதால் வழி குறையாது. இந்த மூன்றும் பொருந்தினால் எதையும் தூரம் எனலாம். கோட்டிங்கனில் ஹில்பர்ட்டும், பின்னர் போலந்தின் லுவூவ் நகரில் ஸ்டெஃபான் பனாக்கும் இந்த வழியில் நடந்தார்கள். 1932-ல் வந்த பனாக்கின் புத்தகத்தோடு ஃபங்ஷனல் அனாலிசிஸ் தனித் துறையாகத் தலைநிமிர்ந்தது.

பனாக்கின் கூட்டத்தார் ஒரு காப்பிக் கடையில் கூடி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதி வைப்பார்கள். விடை சொன்னால் பரிசு உண்டு. அவர்களில் ஒருவரான மசூர் 1936-ல் எழுதிய ஒரு கேள்விக்குப் பரிசு உயிருள்ள வாத்து. 1972-ல் ஸ்வீடனின் பெர் என்ஃப்ளோ அதை விடுவித்து, வார்சாவில் அந்த வாத்தை மசூரின் கையாலேயே வாங்கிக்கொண்டார். நடுவில் ஓர் உலகப்போரே கடந்துபோயிருந்தது.

சுரங்கத் தண்ணீர்க் கணக்கும் இந்தத் துறையிடம் கடன்பட்டதுதான். நிலத்தடி நீரின் சமன்பாட்டுக்குக் கணினி தருவது தோராயமான விடை. கட்டங்களைப் பொடிப்பொடியாக்கிக்கொண்டே போனால் அந்தத் தோராயம் உண்மையான விடையை நெருங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பீட்டர் லாக்ஸும் ஆர்தர் மில்கிராமும் 1954-ல் நிறுவிய தேற்றம் அந்த உத்தரவாதத்துக்கான அடித்தளங்களில் ஒன்று. அது பேசுவது முழுக்க முழுக்கச் சார்புகள் வாழும் வெளியைப் பற்றி.

அண்ணாமலைநகருக்கு வருவோம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. அதன் கணிதத் துறைக்கு ஆரம்பத்திலேயே நல்ல ஆட்கள் வாய்த்தார்கள். ஏ. நரசிங்க ராவ் பேராசிரியர்; 1933-ல் தொடங்கிய ‘மேதமேடிக்ஸ் ஸ்டூடன்ட்’ இதழுக்கு அவர்தான் ஆசிரியர். எண்கோட்பாட்டின் வாரிங் கணக்கில் உலகப் புகழ் பெற்ற எஸ். எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை அங்கேதான் பாடம் எடுத்தார். 1950-ல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்துபோனது தமிழ்நாட்டுக் கணிதத்துக்கு நேர்ந்த பெரும் இழப்பு. அவரைப் பற்றி இன்றும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பிள்ளையைப் போலவே கணபதி ஐயரும் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஆனந்த ராவின் மாணவர் வரிசையில் வந்தவர். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர் ஆனந்த ராவ். அங்கிருந்த கணித மேதை ஹார்டியிடம் பயிற்சி பெற்றவர். தொடர்கள், எல்லைகள், துல்லியமான மதிப்பீடுகள் என்று கையால் கணக்கிட்டுப் பார்க்கும் பழைய வழிப் பகுப்பாய்வுதான் அந்தப் பள்ளியின் பலம். வெளிகள், தூரங்கள் என்ற புதுப் பேச்சு அங்கே பாடமாக இருந்ததில்லை. அந்தப் பழைய பயிற்சி கணபதி ஐயருக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பது கொஞ்சம் பின்னால் தெரியும்.

முதலில், முழுச்சார்பு என்றால் என்ன? பல்லுறுப்புக் கோவை எல்லோருக்கும் தெரியும்: ஒரு மாறிலி, எக்ஸின் ஒரு மடங்கு, எக்ஸ் வர்க்கத்தின் ஒரு மடங்கு, கனத்தின் ஒரு மடங்கு என்று கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்திவிடுவது. நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் அது அடுக்குத் தொடர். எக்ஸுக்கு எந்தக் கலப்பெண்ணைக் கொடுத்தாலும், அது எத்தனை கோடியானாலும், தொடரின் கூடுதல் ஓர் எண்ணில் போய் நிலைக்கிறது என்றால் அதுவே முழுச்சார்பு. சைன், கொசைன், அடுக்குக்குறிச் சார்பு மூன்றும் இந்தக் குடும்பம். எல்லாக் கெழுக்களும், அதாவது அந்த மடங்குகள் எல்லாமே, 1 ஆக இருக்கும் தொடர் இந்தக் குடும்பத்தில் சேராது; எக்ஸ் ஒன்றைத் தொட்டதுமே அதன் கூடுதல் கைமீறிப் போய்விடும்.

முழுச்சார்புகள் பிடிவாதக்காரர்கள். ஓரிடத்தில் பிடித்தால் எல்லா இடத்திலும் கட்டுப்பட்டுவிடும். கணபதி ஐயர் 1936-ல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய குறிப்பு இதைத்தான் காட்டுகிறது. வாசலில் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப்போல், கலப்பெண்கள் பரவியிருக்கும் முடிவில்லாத தளம் முழுக்கச் சம இடைவெளியில் சதுரமாகப் புள்ளி வைத்திருக்கிறது. ஒரு முழுச்சார்பின் மதிப்பு இந்தப் புள்ளிகளில் மட்டும் ஓர் எல்லைக்குள் அடங்கியிருக்கிறது என்று தெரியும். புள்ளிகளுக்கு நடுவே என்ன செய்கிறது என்று தெரியாது. அந்தச் சார்பு வளரும் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்டிருந்தால், அது எங்கும் மாறவே மாறாத வெறும் மாறிலி என்று தீர்மானித்துவிடலாம். வேகத்துக்கு வரம்பு வைக்காவிட்டால் இது பொய்த்துவிடும். வயர்ஸ்ட்ராஸின் சிக்மா சார்பு எல்லாப் புள்ளிகளிலும் சுழியமாகி, நடுவெளியில் மலைமலையாய் ஏறி இறங்குகிறது. அதன் வேகம் அவ்வளவு.

இப்படிப்பட்ட சார்புகள் எல்லாம் சேர்ந்து வாழும் வெளிக்கு எந்தத் தூரம் பொருத்தம்? மிகப் பெரிய வித்தியாசத்தைத் தூரம் என்று எடுக்கலாமா? தளம் முழுக்க எடுத்தால், மாறிலியைத் தவிர எந்த முழுச்சார்பும் எல்லைக்குள் அடங்காது என்பது லியூவில் தேற்றம். எனவே வித்தியாசம் மாறிலியாக இல்லாத எந்த இரண்டு சார்புகளுக்கும் நடுவே தூரம் முடிவிலி. ஒன்றுக்கும் உதவாத அளவுகோல். ஒரு வட்டத்துக்குள் மட்டும் எடுக்கலாம் என்றால், எந்த வட்டம்? ஆரம் 1 உள்ள வட்டத்தில் நெருக்கமாக இருப்பவை ஆரம் 10 உள்ள வட்டத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருக்கலாம். எல்லா வட்டங்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள்.

கணபதி ஐயர் வட்டங்களை விட்டுவிட்டுக் கெழுக்களைப் பார்த்தார். ஓர் அடுக்குத் தொடர் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது கெழுவின் அளவு இல்லை, கெழுவின் படிமூலம். இரண்டாம் அடுக்கின் கெழுவுக்கு வர்க்கமூலம், மூன்றாம் அடுக்கின் கெழுவுக்குக் கனமூலம், நூறாம் அடுக்கின் கெழுவுக்கு நூறாம் படிமூலம். இந்த மூலங்கள் சுழியத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் அது முழுச்சார்பு. கோஷி, ஹடமார்ட் காலத்திலிருந்து இது தெரிந்த சங்கதி. ஆனந்த ராவின் மாணவர்களுக்கு மனப்பாடம். கணபதி ஐயர் அதையே தூரமாக்கினார். இரண்டு சார்புகளையும் கழி. வித்தியாசத்தின் மாறிலியை அப்படியே வைத்துக்கொள், மற்றக் கெழுக்கள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் படிமூலத்தை எடு. அவற்றில் மிகப் பெரியது எதுவோ அதுவே தூரம். படிமூலம் எடுப்பதால் ஃப்ரெஷேயின் மூன்று விதிகளில் எதுவும் கெடுவதில்லை. இந்தத் தூரத்தில் ஒரு வரிசைச் சார்புகள் ஒன்றை நெருங்குகின்றன என்பதும், எந்த வட்டத்தை எடுத்தாலும் அதற்குள் சீராக நெருங்குகின்றன என்பதும் ஒன்றேதான் என்று அவர் நிறுவினார். ஒரே ஒரு எண், எல்லா வட்டங்களையும் கவனித்துக்கொள்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். பேனாவும் கால்குலேட்டரும் போதும். சைன் சார்புக்கும் வெறும் எக்ஸுக்கும் என்ன தூரம்? சைன் தொடர் எக்ஸில் தொடங்குகிறது, அடுத்தது எக்ஸ் கனத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழிக்கிறது. கழித்தால் முதலில் மிஞ்சுவது அந்த ஆறில் ஒன்று. அதன் கனமூலம் 0.55. அதற்குப் பின் வருவன எல்லாம் இதைவிடச் சிறியவை. ஆக, தூரம் 0.55. அடுக்குக்குறிச் சார்பை எடுப்போம். அதன் பத்தாம் அடுக்கின் கெழு, 1 முதல் 10 வரை பெருக்கினால் வரும் 36,28,800-ன் தலைகீழ். பத்தாம் படிமூலம் எடுத்தால் 0.22. ஒன்பதாம் அடுக்கோடு தொடரை வெட்டி நிறுத்தினால் கிடைக்கும் பல்லுறுப்புக் கோவை, உண்மையான சார்பிலிருந்து 0.22 தூரத்தில் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம். 99-ஆம் அடுக்கு வரை போய் நிறுத்தினால் தூரம் 0.026. ஒன்று முதல் நூறு வரை பெருக்கினால் 158 இலக்க எண் வருகிறது. அதன் நூறாம் படிமூலமோ 38-ஐக்கூட எட்டவில்லை!

இந்தத் தூரத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரு சார்பை இரண்டால் பெருக்கினால் சுழியத்திலிருந்து அதன் தூரம் இரண்டு மடங்காகாது. எக்ஸைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் தூரம் பத்து லட்சம். எக்ஸின் ஆறாம் அடுக்கைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் தூரம் 10. அறுபதாம் அடுக்கைப் பெருக்கினால் 1.26 மட்டுமே. முதல் பார்வைக்கு இது ஏதோ கோளாறுபோலத் தெரியும். ஆனால் வேறு எந்த வழியுமில்லை. நாம் பழகிய நீளத்தைப்போல், இரண்டால் பெருக்கினால் இரண்டு மடங்காகும் ஒற்றை அளவுகோல் எதையும் இந்த வெளிக்குப் பொருத்தவே முடியாது. காரணம் இது: அப்படிப்பட்ட ஒற்றை அளவுகோல் உள்ள பனாக்கின் வெளிகளில், பரிமாணம் முடிவில்லாததாக இருந்தால், நீளம் 1 உள்ள புள்ளிகளை ஒன்றுக்கொன்று ஒட்டாமல் முடிவில்லாத எண்ணிக்கையில் அடுக்கிக்கொண்டே போகலாம். முழுச்சார்புகளிடம் அது நடக்காது. எல்லா வட்டங்களிலும் கட்டுக்குள் இருக்கும் முழுச்சார்புகளை முடிவில்லாமல் எடுத்தால், அவற்றுக்குள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும் ஒரு வரிசை நிச்சயம் கிடைக்கும் என்று பால் மொண்டெல் 1907-லேயே காட்டிவிட்டார். முடிவில்லாத பரிமாணம், ஆனாலும் நெருங்கிவரும் சுபாவம். முடிவில்லாத பரிமாணமுள்ள பனாக்கின் வெளிகளுக்கு இல்லாத குணம் இது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எல்லாக் கெழுக்களும் 1 ஆக இருக்கும் அந்தத் தொடர் முழுச்சார்பு இல்லை என்று பார்த்தோம். அதை ஒரு கோடியில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். கெழுக்கள் எல்லாம் கோடியில் ஒன்று. ஆனால் நூறாம் படிமூலம், ஆயிரமாம் படிமூலம் என்று போகப் போக அது 1-ஐ நோக்கி ஏறிவிடுகிறது. எவ்வளவு சுருக்கினாலும் சுழியத்திலிருந்து அதன் தூரம் 1-ஐ விட்டு இறங்காது! முழுச்சார்புகளைச் சுருக்கினாலோ அவை ஒழுங்காகச் சுழியத்தை வந்தடைகின்றன. வேறு ஆட்களைக் கணபதி ஐயரின் தூரம் தானே வெளியே நிறுத்திவிடுகிறது. முழுச்சார்புகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது அது.

தூரம் கிடைத்த பிறகு அடுத்த கேள்வி, அந்த வெளியை அளக்கும் கருவிகள் என்னென்ன என்பது. கருவி என்று நான் சொல்வது, ஒரு முழுச்சார்பை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் தருவதை. எக்ஸ் 2 ஆகும்போது சார்பின் மதிப்பு என்ன என்று கேட்பது ஒரு கருவி. சுழியத்தில் அதன் சரிவு என்ன என்று கேட்பது இன்னொன்று. கூட்டினால் கூட்டலாகவும், நெருங்கினால் நெருக்கமாகவும் நடந்துகொள்ளும் இப்படிப்பட்ட கருவிகள் அத்தனையையும் கணபதி ஐயர் ஒரே வரியில் அடக்கிவிட்டார். ஒவ்வொரு கெழுவையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டு. அந்த எண்களின் படிமூலங்கள் ஏதோ ஓர் எல்லைக்குள் இருந்தால் போதும். எக்ஸ் 2 என்ற கருவிக்கு அந்த எண்கள் 1, 2, 4, 8, 16 என்று போகின்றன. முதல் 1-ஐ விட்டால், அவற்றின் படிமூலங்கள் எல்லாம் 2. இந்த எண்களையே கெழுக்களாக வைத்து ஓர் அடுக்குத் தொடர் எழுதினால், அது சுழியத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும் தாங்கும். எல்லையற்ற தளம் முழுவதும் உயிரோடிருக்கும் சார்புகளை அளக்கும் கருவிகள், ஒரு சிறு வட்டத்துக்கு வெளியே வாழ வேண்டிய அவசியமில்லாத சார்புகள்! இந்த இருதலை உறவை ஐரோப்பாவில் கோட்டேயும் குரோதந்தீக்கும் 1953-ல் விரிவாக எடுத்துக்கொண்டு பெரிய கோட்பாடாகக் கட்டினார்கள்.

வரிசையின் இரண்டாம் கட்டுரை 1950-ல் ஆக்ஸ்ஃபோர்டின் கணிதக் காலாண்டிதழிலும், மூன்றாவது 1952-ல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழிலும் வந்தன. அமெரிக்காவில் மேனார்ட் ஆர்சோவ் 1950-களின் பிற்பகுதியில் அதே தூரத்தை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். ஹார்டியின் வழிவந்த பழைய பயிற்சியிலிருந்து ஒருவர் தாமாகவே புது மொழிக்குள் நுழைந்து, அந்த மொழிக்குத் தம் பழைய கைச்சரக்கைக் கொண்டே ஒரு நல்ல கருவியைச் செய்து கொடுத்திருக்கிறார். படிமூலத்தோடு பல ஆண்டுகள் பழகியவர் என்பதால்தான் அது அவர் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன்.

இந்தத் தூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கணபதி ஐயரின் மூன்றாம் கட்டுரை வந்த அதே 1952-ல் ஜி. ஆர். மக்லேன் என்ற அமெரிக்கர் நிறுவிய ஒரு தேற்றத்தைப் பார்க்கலாம். வகையிடுதல் என்பது பிளஸ் டூ மாணவர்கள் தினமும் செய்யும் வேலை. ஒரு முழுச்சார்பை வகையிட்டால் இன்னொரு முழுச்சார்பு கிடைக்கும்; நம் வெளியில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒரு தாவல். மறுபடி வகையிட்டால் அடுத்த தாவல். மக்லேன் சொன்னது: ஒரு முழுச்சார்பு இருக்கிறது, அதை வகையிட்டுக்கொண்டே போனால், அந்த ஒரே தாவல் வரிசை, இருக்கும் முழுச்சார்புகள் ஒவ்வொன்றையும் நாம் விரும்பும் அளவு நெருங்கிவிடும். சைனை, அடுக்குக்குறியை, இனிமேல் யாரோ எழுதப்போகும் பல்லுறுப்புக் கோவையை, எல்லாவற்றையும்!

நம்ப முடியாததுபோல் இருந்தாலும் அதைக் கட்டும் வழி எளிது. வகையிடலின் எதிர்வேலை தொகையிடல். 1-ஐப் பத்து முறை தொகையிட்டால் எக்ஸின் பத்தாம் அடுக்கு, 36,28,800-ஆல் வகுபட்டு வரும். சுழியத்திலிருந்து தூரம் 0.22. நூறு முறை தொகையிட்டால் 0.026. எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் போதுமான தடவை தொகையிட்டால் அது சுழியத்தின் காலடிக்கே வந்துவிடும். இப்போது, பின்னங்களைக் கெழுக்களாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்; அப்படி வரிசைப்படுத்த முடியும், எந்த முழுச்சார்பின் அருகிலும் அவற்றில் ஒன்று இருக்கும். முதலாவதைச் சில முறை, இரண்டாவதை அதைவிடப் பல முறை, மூன்றாவதை இன்னும் பல முறை தொகையிட்டு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். பொடியாகிப்போனவற்றின் கூட்டல் என்பதால் அது ஒரு முழுச்சார்பாகவே நிற்கும். பிறகு வகையிடத் தொடங்குங்கள். இரண்டாவதைத் தொகையிட்ட அத்தனை தடவை வகையிட்டதும், முதலாவது அழிந்து சுழியமாகியிருக்கும். இரண்டாவது கோவை தன் முழு உருவில் வந்து நிற்கும். மூன்றாவதும் அதற்குப் பின்னுள்ளவையும் இன்னும் பொடியாகவே இருக்கும். ஆயிரமாவதன் முறை வரும்போது முதல் 999-ம் போயிருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு முறை வரும்.

1991-ல் கோட்ஃப்ரோயும் ஷபிரோவும் இந்த வெளியில் வகையிடுதல் என்ற செயலே கேயாஸின், அதாவது மிக அருகே தொடங்கியவையும் எங்கெங்கோ பிரிந்துபோகும் நடத்தையின், இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். நேர்கோட்டுத் தன்மை உள்ள செயல்கள் சாதுவானவை, கேயாஸுக்கு வளைந்து நெளிந்த சமன்பாடுகள் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். முடிவுள்ள பரிமாணங்களில் அது சரிதான். முடிவில்லாத பரிமாணத்தில் மேல்நிலைப்பள்ளிக் கணக்கே கேயாஸாகிவிடுகிறது. சைனையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு முறை வகையிட்டால் அது மீண்டும் சைன். நூறு முறை வகையிட்டாலும் சைனாகவே இருக்கும். அதன் தொடரை 99-ஆம் அடுக்கோடு வெட்டி நிறுத்துங்கள். கணபதி ஐயரின் அளவில் இரண்டுக்கும் நடுவே சுமார் 0.026 தூரம்தான். ஆனால் அந்த வெட்டிய கோவையை நூறு முறை வகையிட்டால் சுழியம்தான் மிஞ்சும். சைனுக்கு அதே நெருக்கத்தில், மக்லேனின் வகையைச் சேர்ந்த மூன்றாவது ஒரு சார்பும் உட்கார்ந்திருக்கிறது. மக்லேனின் சார்பை வேண்டிய தடவை வகையிட்டால் அப்படி ஒன்று கைக்கு வந்துவிடும். அதை மேலும் மேலும் வகையிட்டால் அது அந்த வெளியில் எந்தப் புள்ளியின் பக்கத்தையும் விடாமல் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.